வாஸ்கோ ட காமா எந்த எழுத்தில் வருவார்?

17ஆம் நூற்றாண்டுக் கடற்கரை வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருவரின் கேள்வி இது: "ஆய்வேடு ஆங்கிலத்தில். துணைநூற்பட்டியலை ஜோட்டெரோ மென்பொருள் தயாரித்துக் கொடுக்கிறது. அதில் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் கூன்ஸ் ‘வி’ வரிசையில் நிற்கிறார். மலபார் தாவர நூலைச் செய்வித்த வான் ரீட் ‘ஆர்’ வரிசையில். வரலாற்றாசிரியர் கே. எம். டி சில்வா ‘எஸ்’ வரிசையில். நெறியாளர் மூன்றையும் சுழித்துத் திருப்பித் தந்துவிட்டார். எது சரி? இதெல்லாம் தானாகச் சரியாக வர வழி உண்டா, இல்லை லேட்டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு மாறிவிடட்டுமா?"

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கூன்ஸ் ‘ஜி’, ரீட் ‘ஆர்’, டி சில்வா ‘டி’. அதாவது மூவரில் ரீட் மட்டும் சரியான இடத்தில் இருக்கிறார். அவரும் தவறான காரணத்தால்தான் அங்கே இருக்கிறார், அதைக் கீழே சொல்கிறேன். லேட்டெக்குக்கு மாறினால் தீராது. வேறு விதமாகக் கெடும், அவ்வளவுதான்.

நாமெல்லாம் ‘வாஸ்கோடகாமா’ என்று ஒரே மூச்சில் படித்து வளர்ந்தவர்கள். நடுவில் இருக்கும் அந்த ‘ட’ யாருடையது, முன்பெயரோடு சேர்ந்ததா பின்பெயரோடு சேர்ந்ததா என்று பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டதில்லை. மென்பொருள் அதைத்தான் கேட்கிறது. நாம் பதில் சொல்லாமல் விட்டால் அதுவே ஒன்றை ஊகித்துக்கொள்கிறது.

இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு. ஒன்று, பெயரின் எந்தத் துண்டு எது: முன்பெயர், முன்னொட்டு (‘வான்’, ‘டி’ போன்ற சொல்), குடும்பப் பெயர் என்று பிரிப்பது. இது அந்த மனிதரைப் பற்றிய உண்மை, ஆய்வேட்டுக்கு ஆய்வேடு மாறாது. இரண்டாவது, அந்த முன்னொட்டைப் பட்டியலில் எப்படிக் காட்டுவது, எந்த எழுத்தில் அடுக்குவது என்பது. இது ஸ்டைலின், அதாவது பட்டியல் அமைக்கும் விதித்தொகுப்பின் வேலை, இதழுக்கு இதழ் மாறும். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை, இரண்டாவதைச் சரிசெய்ய முதலாவதில் கை வைத்ததால் வந்தவை. வரிசை தவறாக வருகிறதா, பெயரையே மாற்றித் தட்டிவிடுவோம் என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த கட்டுரைக்கு வேறு ஸ்டைல் போட்டதும் எல்லாம் தலைகீழாகிவிடும்.

உங்கள் மூன்று பெயர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஓரளவு நிச்சயமாகச் சொல்ல முடியும். ஜோட்டெரோவில் பெயருக்கு இரண்டு பெட்டிகள்தான்: குடும்பப் பெயர், முன்பெயர். முன்னொட்டுக்குத் தனிப் பெட்டி கிடையாது. ஆனால் உள்ளுக்குள் அது இரண்டு வகை முன்னொட்டுகளைப் பிரித்துப் பார்க்கிறது. குடும்பப் பெயர்ப் பெட்டியின் தொடக்கத்தில் சின்ன எழுத்தில் ‘வான்’, ‘டி’ போன்ற சொல் இருந்தால், அது ‘விடாத’ முன்னொட்டு: முன்பெயர் இல்லாமல் குடும்பப் பெயரை மட்டும் சொன்னாலும் கூடவே வரும். முன்பெயர்ப் பெட்டியின் கடைசியில் சின்ன எழுத்தில் இருந்தால் அது ‘விட்டுப்போகும்’ முன்னொட்டு: முன்பெயர் மறைந்தால் அதுவும் மறைந்துவிடும். கேப்பிட்டல் எழுத்தில் தொடங்கினால் அது முன்னொட்டே இல்லை, குடும்பப் பெயரின் ஒரு பகுதி.

இப்போது பாருங்கள். கூன்ஸின் ‘வான்’ உங்கள் தரவில் கேப்பிட்டல் எழுத்தில் ஏறியிருக்கும், அதனால் அது பெயரோடு ஒட்டி ‘வி’க்குப் போய்விட்டது. டி சில்வாவின் ‘டி’ சின்ன எழுத்தில் இருந்திருக்கும். உங்கள் ஸ்டைல் விடாத முன்னொட்டைப் பின்னால் தள்ளுகிற ரகம், ஆகவே அவர் ‘எஸ்’ஸுக்குப் போனார். ரீட் விஷயத்தில் ‘வான்’ முன்பெயர்ப் பெட்டியின் வாலில் மாட்டிக்கொண்டிருக்கும். பட்டியலில் ‘ஆர்’ என்று சரியாக வந்துவிட்டது. ஆனால் உங்கள் ஆய்வேட்டின் உள்ளே அடைப்புக்குறி மேற்கோள்களைப் பாருங்கள், வெறும் ‘ரீட் 1678’ என்று வந்திருக்கும். அதே பக்கத்தில் கூன்ஸ் மட்டும் ‘வான் கூன்ஸ்’ என்று நிற்பார். இருவரும் ஒரே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரே காலம், ஒரே மொழி. இந்த முரணைத்தான் நெறியாளர் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

திருத்தம் சின்னது. கூன்ஸின் ‘வான்’ சின்ன எழுத்தில், குடும்பப் பெயர்ப் பெட்டியில் இருக்கட்டும். ரீட்டின் ‘வான்’ முன்பெயர்ப் பெட்டியிலிருந்து குடும்பப் பெயர்ப் பெட்டிக்கு வரட்டும். டி சில்வாவுக்கு மட்டும் வேறு வைத்தியம்: ‘டி சில்வா’ முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், விசைப்பலகையில் இருக்கும் நேர்க்குறி போதும். அப்படிப் போட்டால் ஜோட்டெரோ அதைப் பிரித்துப் பார்க்காது. அச்சில் மேற்கோள் குறியும் வராது. சின்ன எழுத்து சின்ன எழுத்தாகவே இருக்கும், வரிசை ‘டி’யில் விழும்.

டி சில்வாவுக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை என்று கேட்பீர்கள். அது போர்ச்சுக்கீசியப் பெயர்தானே? ஆமாம், வேர் அங்கேதான். போர்ச்சுக்கீசிய வழக்கத்தில் டி, ட, டோ, டோஸ் எதற்கும் அகர வரிசையில் மதிப்பில்லை. அதனால்தான் வாஸ்கோ ட காமா ‘ஜி’யில் வருகிறார், அஃபோன்சோ டி அல்புகெர்க் ‘ஏ’யில் வருகிறார், 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ ‘பி’யில் வருகிறார். ஆனால் இலங்கைக்கு வந்து தலைமுறைகள் தாண்டியபின் ‘டி சில்வா’ என்பது பிரிக்க முடியாத ஒரே பெயராகிவிட்டது. அரசியல்வாதி கொல்வின் ஆர். டி சில்வாவை அங்கே யாரும் ‘சில்வா’ என்று சொல்வதில்லை. அதைவிட முக்கியம், வெறும் ‘சில்வா’ என்ற குடும்பப் பெயரும் அங்கே தனியாக, ஏராளமாக இருக்கிறது. ‘டி’யைப் பிய்த்தால் ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பத்தோடு கலந்துவிடுகிறோம். ஆகவே ஒரே எழுத்துகள், ஒரே வேர், ஆனாலும் லிஸ்பன்காரர் பின்பெயரில், கொழும்புக்காரர் முன்னொட்டில். நூலகத் துறையினர் கடைப்பிடிக்கிற கொள்கையும் இதுதான்: அந்த எழுத்தாளரின் நாடும் மொழியும் அவரை எப்படி அடுக்குகிறதோ, அப்படி. சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா நாடு வாரியாகப் பெயர் வழக்கங்களைத் தொகுத்து ஒரு கையேடே போட்டிருக்கிறது. அதன் நான்காம் பதிப்பு 1996இல் வந்தது.

டச்சுக்காரர்கள் இதில் மிகத் தெளிவானவர்கள். முன்னொட்டுக்கு ‘டுசென்வூக்செல்’ என்று தனிப் பெயர் வைத்து, படிவங்களில் தனிக் கட்டமும் வைத்திருக்கிறார்கள். வானையும் டியையும் கணக்கில் எடுத்து அடுக்கினால் எக்கச்சக்கமான பேர் இரண்டே எழுத்தில் வந்து குவிவார்கள், அதனால் வரிசைக்கு அடுத்த சொல்லைத்தான் பார்ப்பார்கள். ஓவியர் வான் கோக் ‘ஜி’, இயற்பியலாளர் வான் டெர் வால்ஸ் ‘டபிள்யூ’. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்பெயரோ இனிஷியலோ முன்னால் இருந்தால் ‘வான்’ சின்ன எழுத்து. குடும்பப் பெயரை மட்டும் தனியாகச் சொன்னால் ‘வான்’ கேப்பிட்டல். எனவே ஒரே மனிதரின் பெயர் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக வந்தாலும் இரண்டும் சரி. உங்கள் தரவில் கூன்ஸ் கேப்பிட்டலில் ஏறியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஏதோ ஒரு கட்டுரையில் தனியாக வந்த வடிவத்தை அப்படியே எடுத்துப் போட்டிருப்பீர்கள்.

எல்லையைத் தாண்டி பெல்ஜியத்துக்குள் போனால் கதை மாறுகிறது. பேசுவது அதே டச்சு, ஆனால் பெயர் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, பெரும்பாலும் கேப்பிட்டலில், வரிசை ‘வி’யில். சண்டைப் படங்களில் நாம் பார்த்த வான் டாம் பெல்ஜியக்காரர், ‘வி’தான். தென்னாப்பிரிக்க ஆஃப்ரிகான்ஸ் பெயர்களும் ‘வி’. அமெரிக்கா போய்க் குடியேறிய டச்சுப் பெயர்களும் அப்படித்தான். அதிபர் மார்ட்டின் வான் பியூரன், பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் வான் ஆலன், எல்லாரும் ‘வி’. ஆனால் தத்துவவாதி வில்லார்ட் வான் ஓர்மன் குவைனைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவருக்கு ‘வான் ஓர்மன்’ தாய் வீட்டுப் பெயர், இங்கே நடுப்பெயராக வந்திருக்கிறது. குடும்பப் பெயர் குவைன் மட்டும்தான்.

பிரெஞ்சு விதி படிக்கும்போது குழப்பமாக இருக்கும், புதுச்சேரி வீதிகளில் நடந்தால் புரிந்துவிடும். ‘இன்னாருடைய’ என்று பொருள்படும் ‘டி’ உதிர்ந்துவிடும். ‘ல’, ‘லெ’ என்ற சுட்டுச்சொல்லும், இரண்டும் கலந்த ‘து’, ‘தே’யும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். கர்நாடகப் போர்களைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் பிரெஞ்சுத் தளபதிகளான மார்க்கி டி புஸ்ஸியைப் ‘புஸ்ஸி’ என்றும் கோம்த் டி லாலியை ‘லாலி’ என்றும்தான் எழுதினார்கள். வீதியும் புஸ்ஸி வீதிதான். ஆனால் 1746இல் சென்னையைப் பிடித்த மாஹே டி ல பூர்தொனே நம் வாயில் ‘லபூர்தொனே’ ஆனார், ‘பூர்தொனே’ ஆகவில்லை. விதி தெரியாமலே நம் ஆட்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள். அவர் ‘எல்’ வரிசை. ஜோட்டெரோவில் இவருக்கு ‘ல’ கேப்பிட்டலாகக் குடும்பப் பெயர்ப் பெட்டியிலும், ‘டி’ சின்ன எழுத்தில் முன்பெயர்ப் பெட்டியின் கடைசியிலும் போக வேண்டும். ஒரு சிக்கல்: தெ கோல், தெ புரோய் மாதிரி ஓரசைப் பெயர்களில் பேச்சில் ‘தெ’, அதாவது அதே ‘டி’, உதிராது. இயற்பியல் மாணவர் யாரும் ‘புரோய் அலை’ என்று சொல்வதில்லை. ஆனாலும் நூலகப் பட்டியலில் லூயி தெ புரோய் ‘பி’யில், சார்ல் தெ கோல் ‘ஜி’யில்.

இத்தாலியில் இக்காலப் பெயர்களை முன்னொட்டோடு சேர்த்தே அடுக்குவார்கள், ‘டி’, ‘டெல்லா’ எல்லாம் கணக்கில் வரும். பழைய பெயர்களுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தீர வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட்டோ டி நொபிலி பழைய கணக்கு, நூலகங்கள் அவரை ‘என்’னில் வைக்கின்றன. லியோனார்டோ டா வின்சி ‘எல்’. ‘வின்சி’ ஊர்ப்பெயர், குடும்பப் பெயரே அல்ல.

ஜெர்மன் ‘ஃபான்’ இன்னொரு தினுசு. அங்கே கவிஞர் ஃபான் கெத்தே ‘ஜி’யில்தான். 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்களை ஒழித்தபோது, ‘ஃபான்’ பெயரின் பகுதியாகத் தொடரலாம் என்று விட்டுவிட்டது. அதே ஆண்டு ஆஸ்திரியா அதைப் பெயரிலிருந்தே நீக்கியது. 1899இல் ஃபான் ஹயெக்காகப் பிறந்த ஆஸ்திரியப் பொருளியலாளர் பிறகு தன் ஆங்கில நூல்களில் எஃப். ஏ. ஹயெக் ஆனதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் செஞ்சு, ராஜ கோண்டுப் பழங்குடிகளை ஆராய்ந்த வியன்னா மானிடவியலாளர் ஃபியூரர்-ஹைமென்டார்ஃப் ‘ஃபான்’ போட்டே எழுதினார். நூலகப் பட்டியலில் அவர் ‘எஃப்’. மானிடவியல் ஆய்வேடுகளில் பாதி ‘வி’யில், பாதி ‘எஃப்’பில் அவரைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஆய்வேட்டில் இரண்டிலும் பார்த்ததும் உண்டு.

ஒரே மனிதர் எத்தனை பெயராக முடியும் என்பதற்குக் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மனைப் போல இன்னொருவர் இல்லை. 1903இல் புடாபெஸ்டில் பிறந்தபோது நாய்மன் யானோஷ், ஹங்கேரிய வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால். 1913இல் தந்தைக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. விளையாட்டுக் கோட்பாட்டின் அடித்தளமான 1928ஆம் ஆண்டு ஜெர்மன் கட்டுரையில் ‘ஜே. வி. நாய்மன்’, அந்த ‘வி’ சின்ன எழுத்து, ‘ஃபான்’ என்பதன் சுருக்கம். 1944இல் பொருளியலாளர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து எழுதிய ஆங்கில நூலில் ‘ஜான் வான் நாய்மன்’. அவர் அமெரிக்கர் ஆகிவிட்டதால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘வி’யில் வைக்கிறது. ஜெர்மன் கட்டுரையைப் பார்த்து ‘என்’னில் வைத்தால் அதையும் மறுக்க முடியாது. ஆனால் உங்கள் பட்டியலில் அவர் ஒரே ஆளாக இருந்தாக வேண்டும். ஒரு பதிவில் ‘வி. நாய்மன்’, இன்னொன்றில் ‘வான் நாய்மன்’ என்று விட்டுவைத்தால், மென்பொருள் அவர்களை ஒருவரென்று எண்ணாது.

எனக்கே நடந்தது ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கத் தொகுப்புக்குப் பட்டியல் சரிபார்த்தேன். உள்ளே ஒரே ஆசிரியரை மேற்கோள் காட்டும்போதெல்லாம் காரணமில்லாமல் இனிஷியல் முளைத்து வந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை. இரண்டு நாள் தேடினேன். ஒரு பதிவில் ‘வான்’ சின்ன எழுத்து, இன்னொன்றில் கேப்பிட்டல். ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு பேர் இருப்பதாக நினைத்து, வாசகர் குழம்பக் கூடாதே என்று மென்பொருள் தானாகவே இனிஷியல் சேர்த்துக்கொண்டிருந்தது. அது செய்தது சரி. நான் கொடுத்த தரவுதான் தப்பு.

தரவு எங்கே கெடுகிறது? பெரும்பாலும் இறக்குமதியில். கட்டுரையின் அடையாள எண்ணான டிஓஐயைப் போட்டுத் தகவலை இழுக்கிறோமே, அதற்குப் பின்னால் இருக்கும் கிராஸ்ரெஃப் அமைப்பில் பதிப்பகங்கள் முன்பெயர், குடும்பப் பெயர், பின்னொட்டு என்று கொடுக்கின்றன. முன்னொட்டுக்கு இடமே இல்லை. பல தளங்கள் தரும் ஆர்ஐஎஸ் என்ற நூல்விவரக் கோப்பிலும் அப்படித்தான். ஆகவே பதிப்பக ஊழியர் ‘வானை’ எந்தப் பெட்டியில் தள்ளினாரோ அதுவே உங்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறது. இறக்கியதும் பெயரை ஒருமுறை கண்ணால் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

சரி, தரவு சுத்தமாகிவிட்டது. இனி ஸ்டைல். ஜோட்டெரோ பயன்படுத்தும், சிஎஸ்எல் என்ற வடிவில் எழுதிய ஸ்டைல் ஃபைல்களில் விடாத முன்னொட்டை என்ன செய்வது என்று ஒரே ஒரு அமைப்பு இருக்கிறது. அதற்கு மூன்று நிலைகள். முதல் நிலை: தொடாதே. ‘வான் கூன்ஸ், ஆர்.’ என்று அச்சாகி ‘வி’யில் நிற்கும். ஏபிஏ எனப்படும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஸ்டைல் இந்த வகை. இரண்டாம் நிலை: வரிசைக்கு மட்டும் தள்ளு. ‘வான் கூன்ஸ், ஆர்.’ என்றே அச்சாகும், ஆனால் ‘ஜி’யில் நிற்கும். மூன்றாம் நிலை: அச்சிலும் தள்ளு. ‘கூன்ஸ், ஆர். வான்’ என்று ‘ஜி’யில் நிற்கும். ஸ்டைல் ஃபைலில் எதுவுமே சொல்லவில்லை என்றால் இந்த மூன்றாவதுதான் நடக்கும். உங்கள் பல்கலைக்கழகம் ஏபிஏ என்று சொன்னால் வாதாடாதீர்கள், கூன்ஸும் ரீட்டும் ‘வி’யில் நிற்கட்டும். டச்சுக்காரர்களுக்குப் பிடிக்காது, ஆனால் ஸ்டைல் சொன்னால் சொன்னதுதான். ஸ்டைல் எதுவும் குறிப்பிடாவிட்டால் நான் இரண்டாம் நிலையைத்தான் எடுப்பேன். தேடுபவருக்குச் சரியான இடம் கிடைக்கும், பெயரும் வால் முளைக்காமல் இருக்கும்.

மூன்று நிலைகளில் எதைப் போட்டாலும் முன்பெயர்ப் பெட்டியில் இருக்கும் முன்னொட்டுக்கும், கேப்பிட்டலில் இருப்பதற்கும், மேற்கோள் குறிக்குள் இருப்பதற்கும் ஒன்றும் ஆகாது. டி சில்வா எந்த ஸ்டைலிலும் ‘டி’யிலேயே இருப்பார். அதனால்தான் தரவைச் சரியாகப் போடச் சொல்கிறேன்.

இனி லேட்டெக். துணைநூற்பட்டியல் செய்துதரும் அதன் பழைய துணைவன் பிப்டெக் 1985இல் ஓரன் பட்டாஷ்னிக்கும் லெஸ்லி லாம்போர்ட்டும் செய்தது. அந்தக் காலத்திலேயே பெயரை நான்கு துண்டாகப் பார்த்தார்கள்: முன்பெயர், ‘ஃபான்’ பகுதி, குடும்பப் பெயர், ‘ஜூனியர்’ பகுதி. முன்னொட்டுக்கென்று இடம் வைத்தது பெரிய விஷயம். ஆனால் எது முன்னொட்டு என்று கண்டுபிடிக்க அதற்கு ஒரே துப்பு சின்ன எழுத்துதான். கமா போடாமல் பெயரை நேராக எழுதினால், முதல் சின்ன எழுத்துச் சொல்லிலிருந்து கடைசிச் சின்ன எழுத்துச் சொல் வரை எல்லாம் ‘ஃபான்’ பகுதி.

இதில் வான் ரீட் வசமாக மாட்டுவார். அவருடைய முழுப்பெயர் ஹென்ட்ரிக் ஆட்ரியான் வான் ரீட் டாட் டிராகென்ஸ்டைன். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் அவருடையது. பெயரில் ‘வான்’ சின்ன எழுத்து, ‘டாட்’டும் சின்ன எழுத்து. பிப்டெக் என்ன செய்யும்? ‘வான் ரீட் டாட்’ முழுவதும் முன்னொட்டு, குடும்பப் பெயர் ‘டிராகென்ஸ்டைன்’ என்று முடிவு கட்டிவிடும். கமா போட்டு எழுதினாலும் தப்பிக்க முடியாது. ‘ரீட் டாட் டிராகென்ஸ்டைன்’ மூன்றையும் கர்லி பிராக்கெட்டுக்குள் அடைத்து, அதற்கு முன்னால் வெளியே ‘வான்’ எழுதி, பிறகு கமா, பிறகு முன்பெயர். அப்போதுதான் அடங்கும். கர்லி பிராக்கெட் என்பது பிப்டெக்கில் ‘இதைப் பிரிக்காதே’ என்ற சொல். ஜோட்டெரோவின் மேற்கோள் குறி செய்கிற அதே வேலை. டி சில்வாவுக்கும் இங்கே அதைத்தான் போட வேண்டும்.

பிரித்தது சரியானாலும் பிப்டெக்கின் அடிப்படை ஸ்டைல்கள் வரிசைக்கு ‘ஃபான்’ பகுதியை முதலில் பார்ப்பவை. கூன்ஸ் ‘வி’யில்தான். மாற்ற வேண்டுமானால் ஸ்டைல் ஃபைலில் கை வைக்க வேண்டும், அல்லது மேக்ரோ, அதாவது நாமே வரையறுக்கும் குறுங்கட்டளைத் தந்திரம். வானியல் இதழ் ஒன்றின் வார்ப்புருவில் இதற்கென்றே ஒரு மேக்ரோ இருக்கிறது. வரிசைக்கு ஒரு வடிவம், உரைக்குள் ஒரு வடிவம், பட்டியலுக்கு ஒரு வடிவம் என்று பெயரை மூன்று தடவை எழுத வேண்டும். வேலை செய்யும். ஆனால் நான் முதலில் சொன்னேனே, ஸ்டைலைச் சரிசெய்யத் தரவைக் கெடுப்பது, அதற்கு இதுவே நல்ல உதாரணம். அந்தக் கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால் பார்க்கச் சகிக்காது.

புதிதாகத் தொடங்குபவர் பிப்டெக்குக்குப் பதிலாக பிப்லேட்டெக்கும் பைபரும் எடுப்பது நல்லது. அங்கே ‘யூஸ்பிரிஃபிக்ஸ்’ என்று ஒரு அமைப்பு. சும்மா விட்டால் அது அணைந்தே இருக்கும்: உரைக்குள் ‘கூன்ஸ்’, பட்டியலில் ‘கூன்ஸ், ரைக்லோஃப் வான்’. போட்டுவிட்டால் இரண்டிலும் ‘வான் கூன்ஸ்’, வரிசை ‘வி’. இதன் அழகு என்னவென்றால் ஆவணம் முழுவதற்கும் ஒன்று வைத்துவிட்டு, ஒரு பதிவுக்கு மட்டும், ஏன், ஒரு பதிவில் ஒரு ஆசிரியருக்கு மட்டும்கூட மாற்றி வைக்கலாம். அச்சில் ‘வான்’ முன்னாலும் வரிசை ‘ஜி’யிலும் வேண்டுமென்றால் வரிசைச் சாவி எப்படி அமைய வேண்டும் என்று ஆவணக் கோப்பின் தொடக்கப் பகுதியில் ஒரு கட்டளை தர வேண்டும், குடும்பப் பெயர் முதலில், முன்னொட்டு பிறகு என்று. ஒன்றிரண்டு பேருக்குத்தான் சிக்கல் என்றால் அந்தப் பதிவில் ‘சார்ட்நேம்’ புலத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் போய்விடலாம்.

வாக்கியத் தொடக்கத்தில் பெயர் வந்தால் ‘வான்’ கேப்பிட்டல் ஆக வேண்டுமே, அதற்குப் பிப்லேட்டெக்கிலும், பிப்டெக்கோடு பயன்படும் நேட்பிப் தொகுப்பிலும் கேப்பிட்டலில் தொடங்கும் மேற்கோள் கட்டளைகள் உண்டு. ஜோட்டெரோவில் பெயரை நாமே கையால் எழுதி, மேற்கோளில் ஆசிரியர் பெயரை மறைத்து ஆண்டை மட்டும் வரவைப்பதுதான் எளிது.

ஒருவர் எந்த எழுத்தில் வருவார் என்று சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம். காங்கிரஸ் நூலகத்தின் பெயர்க் கோப்பும், பல நாட்டுத் தேசிய நூலகங்களின் பெயர்களை ஒன்றாகக் காட்டும் வியாஃப் தளமும் இலவசம். இரண்டு நூலகங்கள் இரண்டு விதமாகச் சொன்னால், அவருடைய சொந்த நாட்டு நூலகத்தின் பக்கம் நில்லுங்கள். ‘வி’யில் தேடுகிறவருக்காக ‘வான் கூன்ஸ், காண்க கூன்ஸ்’ என்று ஒரு வரி போடலாம், தப்பில்லை. பெயரின் எழுத்துக்கூட்டலையும் ஒன்றாக்குங்கள். கூன்ஸின் முன்பெயரை ஐஜே போட்டும் ஒய் போட்டும் எழுதியிருக்கிறார்கள், அதுவும் அவரை இரண்டு பேராக்கிவிடும்.

உங்கள் ஆய்வேடு ஆங்கிலம் என்பதால் தப்பித்தீர்கள். தமிழில் எழுதுபவருக்கு மேலே சொன்ன துப்பு எதுவும் உதவாது, ஏனென்றால் நம் எழுத்தில் சின்ன எழுத்தும் இல்லை, கேப்பிட்டலும் இல்லை. ‘வான் கூன்ஸ்’ என்று தட்டினால் ‘வான்’ என்ன என்று எந்த மென்பொருளுக்கும் வடிவத்தைப் பார்த்துத் தெரியாது. தமிழ்ப் பட்டியலில் நான் குடும்பப் பெயர்ப் பெட்டியில் ‘கூன்ஸ்’, முன்பெயர்ப் பெட்டியில் ‘ரைக்லோஃப் வான்’ என்று போட்டுவிடுவேன், ககர வரிசையில் வந்துவிடும். ‘சாமிநாதையர், உ. வே.’ என்று நாம் தலைமுறைகளாக இனிஷியலைப் பின்னால் தள்ளித்தானே அடுக்கி வருகிறோம். அதே கட்டமைப்பு இவருக்கும் பொருந்துகிறது. டி சில்வா மட்டும் தமிழிலும் ‘டி சில்வா, கே. எம்.’ என்று டகர வரிசையில்.